புதையல் கிடைத்தால் யாருமே நிமிர்ந்து பார்ப்பதில்லை: டி அண்ட் டியில் தங்கத்துக்கு மதிப்பு வர என்ன செய்வது?

நீலப்பகடை:

வணக்கம். ஒன்றரை வருடமாக நான்கு நண்பர்களை வைத்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டு) நடத்திக்கொண்டிருக்கிறேன். கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர் (டிஎம்) நான். ஐந்தாம் பதிப்பு, 2014ல் வந்த புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும் வரை ஓடும். அவர்கள் ஆடுகிற கேரக்டர்கள் ஃபைட்டர் (போர்வீரன்), ரோக் (கள்ளன்), கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி), எல்லாரும் இப்போது ஏழாவது லெவல். சண்டையும் நன்றாகப் போகிறது, ஊருக்குள் நுழைந்து நாலு பேரிடம் பேசுவதும் நன்றாகப் போகிறது. புதையல் மட்டும் செத்துக் கிடக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொன்னால் புரியும். ஏரிக்குள் பாதி முழுகிய ஒரு மடம். அதற்குள்ளேயே மூன்று செஷன் போனது, கிளெரிக் இரண்டு தடவை சாகக் கிடந்தார், கடைசியில் நிலவறையில் ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். முந்தின நாள் ராத்திரியே டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தின் புதையல் அட்டவணையைப் பார்த்து, பகடைகூட உருட்டாமல் சராசரியை எடுத்து எழுதி வைத்திருந்தேன். அதை வாசித்தேன்: செம்பு 700, வெள்ளி 7,000, தங்கம் 2,100, பிளாட்டினம் 105. ரோக் ஆடுகிற நண்பர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “மொத்தம் கோல்டுல எவ்வளவுன்னு சொல்லிடுங்க, நாலாப் பிரிச்சுக்கறோம்” என்றார். கால்குலேட்டரில் 3,857 வந்தது. ஆளுக்கு 964. எழுதிக்கொண்டார்கள். கூடவே டர்க்கைஸ் கல்லில் செதுக்கிய விலங்கு பொம்மைகள் வைத்த ஒரு பெட்டி இருந்தது, அட்டவணைப்படி 250 தங்கக் காசு பெறும். அதையும் “250 கூட்டிக்கோ” என்று ஒரு மூலையில் குறித்தார்கள். அப்புறம், “அடுத்து எந்தக் கதவு?”

மூன்று செஷன் உழைத்ததற்கான பலன் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோனது. எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் சின்ன வயதிலிருந்து புதையல் என்ற வார்த்தைக்காகவே இந்த மாதிரிக் கதைகளை நேசித்தவன் நான்.

இப்போது நான்கு பேரிடமும் சேர்த்து 14,000 தங்கக் காசு இருக்கிறது. ஃபைட்டர் ஐந்தாவது லெவலில் 1,500 கொடுத்து பிளேட் கவசம் வாங்கினார், அதோடு சரி, அதற்குமேல் வாங்க ஒன்றும் இல்லை. என் உலகத்தில் மாயப் பொருள்களைக் கடையில் வைத்து விற்பதில்லை, அதை மாற்றவும் விருப்பம் இல்லை. ஒரு தடவை சத்திரத்தில் திருடனை விட்டு மூட்டையை அடிக்கவைத்துப் பார்த்தேன். விசார்ட் ஆடுகிற தோழி அன்றைக்கு முழுவதும் சரியாகப் பேசவே இல்லை. கிளம்பும்போது, “நாங்க சம்பாதிச்சதை நீங்களே பிடுங்கினா எதுக்குச் சம்பாதிக்கணும்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம், அடுத்த வாரமே திருடனைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். புதையலைக் குறைத்தும் பார்த்தேன். யாருமே கவனிக்காத ஒன்று குறைந்தால் மட்டும் யாருக்குத் தெரியப்போகிறது?

நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? விதி, வழக்கம், சொல்கிற விதம், எதுவாக இருந்தாலும் சரி.


கல்மண்டபம்:

நீங்கள் வாசித்த அந்த நான்கு எண்களுக்குள்ளேயே ஒரு நல்ல காட்சி இருந்தது, கால்குலேட்டர் அதைத் தின்றுவிட்டது.

ஐந்தாம் பதிப்பில் 50 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, எந்த உலோகமானாலும் அதே கணக்கு. உங்கள் பெட்டியில் மொத்தம் 9,905 காசு. 198 பவுண்டு, அதாவது 90 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தண்ணீர் நிற்கிற நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். யார் தூக்கினார்கள்? படியா, ஏணியா? கரைக்கு வந்த படகு எத்தனை பேரைத் தாங்கும்? இதை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், ரோக் தலையைத் தூக்கியிருப்பார்.

இன்னும் பாருங்கள். அந்த 7,000 வெள்ளி மட்டும் 140 பவுண்டு, மதிப்போ 700 தங்கம்தான். 105 பிளாட்டினம் இரண்டு பவுண்டுதான் இருக்கும், இரண்டு கையிலும் அள்ளிவிடலாம், அது 1,050 தங்கம். செம்பு 14 பவுண்டு, மொத்தமே 7 தங்கம், யானைப் பசிக்குச் சோளப்பொரி. எதை எடுப்பது, எதை விட்டுவிட்டுப் போவது, விட்டதை எங்கே புதைத்துவைப்பது, திரும்பி வருவதற்குள் யார் வந்து எடுத்துவிடுவார்கள் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

இரண்டாவது விஷயம், ஒரு காசு என்றால் என்ன என்று மேசையில் யாருக்குமே தெரியாது. நான் என் ஆட்களுக்கு இப்படித்தான் புரியவைத்தேன். ஒரு பவுண்டில் 50 காசு என்றால் ஒரு காசு 9 கிராம். நம் ஊர்ப் பவுன் 8 கிராம். ஆக, டி அண்ட் டியில் “கோல்டு” என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது ஒவ்வொன்றும் ஒரு பவுனுக்கு மேல். உங்கள் நான்கு பேரும் ஏறக்குறைய 16,000 பவுனைச் சுமந்துகொண்டு சத்திரத்தில் கஞ்சி குடிக்கிறார்கள்! கல்யாணத்தில் நூறு பவுன் போட்டால் ஊரே ஒரு மாதம் பேசும்.

விளையாட்டு உலகத்தின் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். எந்தத் தொழிலும் தெரியாத கூலியாளுக்கு அந்தப் புத்தகத்திலேயே நாளுக்கு 2 வெள்ளி. ஒரு தங்கம் அவருக்கு ஐந்து நாள் உழைப்பு. ஒரு ஆடு ஒரு தங்கம், மாடு பத்து தங்கம். 14,000 தங்கத்துக்கு நூறு பேரை இரண்டு வருடம் நெருங்க வேலைக்கு வைக்கலாம். இது தெரிந்தபிறகு உங்கள் ஃபைட்டர் சத்திரக்காரன் முன்னால் ஒரு தங்கக் காசைத் தூக்கிப் போடட்டும், சத்திரக்காரனிடம் சில்லறை இருக்காது. பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவன் கை அப்படியே நிற்கும். என் ஆட்டத்தில் அந்த ஒரு காட்சிக்குப் பிறகு பணப்பையை மேசைக்கு அடியில் வைத்து எண்ண ஆரம்பித்தார்கள்.


வெள்ளிக்கிழமை_விசார்ட்:

கல்மண்டபம் சொல்கிற பவுன் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் எடை விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நாங்கள் ஆறு மாதம் ஒவ்வொரு காசுக்கும் எடை பார்த்து ஆடினோம். விசார்டுக்கு வலு 8, அவளால் 120 பவுண்டுக்குமேல் தூக்க முடியாது, கயிறு எவ்வளவு, டார்ச் எவ்வளவு என்று பாதி நேரம் எல்லாரும் எக்செல் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பேக் ஆஃப் ஹோல்டிங் (வெளியே சின்னதாக, உள்ளே பெரிதாக இருக்கும் மாயப் பை) கிடைத்ததும் எல்லாம் ஒரே நாளில் அர்த்தமில்லாமல் போனது. அந்தப் பை 500 பவுண்டு தாங்கும், அதில் 25,000 காசைக் கொட்டலாம். நீலப்பகடையின் ஆட்களிடமும் ஏழாவது லெவலில் ஒன்று இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் கருத்தில் பிரச்சினை வேறு. அவர்களுக்கு ஆசைப்பட எதுவும் இல்லை. காசு என்பது ஆசைக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற தூரம், ஆசையே இல்லாதவனுக்கு ஆயிரமும் ஒன்றுதான் லட்சமும் ஒன்றுதான். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை எதுவும் வைக்காமல் ஒவ்வொருவரையும் கேளுங்கள்: “உங்கள் கேரக்டர் பத்து வருடம் கழித்து எங்கே இருக்க ஆசைப்படுகிறார்?”

பதில் வந்ததும் அதற்கு ஒரு விலை போடுங்கள். டன்ஜன் மாஸ்டர் புத்தகத்திலேயே கட்டடங்களுக்கு விலை இருக்கிறது, யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. ஒரு வணிகச் சாவடி 5,000 தங்கம், 60 நாளில் கட்டலாம். சின்னக் கோட்டை 50,000, 400 நாள், அப்புறம் அதை நடத்த நாள் ஒன்றுக்கு 100 தங்கம் போய்க்கொண்டே இருக்கும். எல்லைக் காவல் அரண் 15,000, நூறு நாள். உங்கள் ஆட்களிடம் இருப்பது 14,000. ஆயிரம்தான் குறைகிறது! இதைவிட நல்ல அடுத்த சாகசம் வேண்டுமா? அந்த ஆயிரத்துக்காக எங்கே வேண்டுமானாலும் போவார்கள், அடுத்த பெட்டியைத் திறக்கும்போது ரோக் தானே எண்ணுவார்.

வைரத்தையும் மறக்காதீர்கள். உங்கள் கிளெரிக் இரண்டு தடவை சாகக் கிடந்தார் என்றீர்கள். செத்தவரை எழுப்பும் ரிவைவிஃபை மந்திரத்துக்கு ஒவ்வொரு தடவையும் 300 தங்கம் பெறும் வைரம் தேவை, மந்திரம் முடிந்ததும் அது இருக்காது. ஒன்பதாவது லெவலில் செத்தவரை எழுப்பும் இன்னொரு மந்திரமான ரெய்ஸ் டெட் வந்தால் 500. பெரும்பாலான மேசைகளில் “300 கழிச்சுக்கோ” என்று சொல்லித் தாண்டிவிடுகிறோம். நான் அப்படி விடுவதில்லை. எங்கள் ஊரில் அந்த அளவு வைரம் மூன்றுதான் இருக்கிறது, ஒன்று ஒரு விதவையின் மூக்குத்தியில். அவர் அதை விற்பாரா என்பதுதான் அன்றைய ஆட்டம்.

கடனும் நல்ல கருவி. டிராவலர் என்று 1977ல் வந்த விண்வெளி விளையாட்டு இருக்கிறது. அதில் கப்பலைக் கடனில் வாங்கினால் மாதாமாதம் கப்பல் விலையில் 240ல் ஒரு பங்கு, அப்படியே 480 மாதம், நாற்பது வருடம் கட்ட வேண்டும். அந்த ஆட்டத்தில் காசை யாரும் அலட்சியமாக எழுதிப் பார்த்ததில்லை. மாசம் பிறந்தால் தவணை நிற்கும், எந்தச் சரக்கை ஏற்றலாம் என்று தானாகவே கேட்பார்கள். உங்கள் அரணுக்குக் குறைகிற ஆயிரத்தை ஒரு வணிகன் வட்டிக்குக் கொடுக்கட்டும், மீதியைக் கதை பார்த்துக்கொள்ளும்.


பத்தர்_வீட்டுப்_பெண்:

எனக்குத் தோன்றுவது முற்றிலும் வேறு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நகை வேலை. பழைய நகையை விற்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்பா நகையை வாங்கியதும் விலை சொல்லவே மாட்டார். முதலில் கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார், பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த தங்கத்தில் இன்னொரு கோடு, இரண்டின் நிறத்தையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பார். அந்த அரை நிமிடம் வந்தவர் மூச்சே விடமாட்டார். அரக்கு எவ்வளவு, கல் எவ்வளவு, பற்றவைத்த இடத்தில் பொடி எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவார். வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுத்தார்களே, அது திரும்பி வரவே வராது. “என் அம்மா போட்டிருந்தது” என்பதற்குத் தராசில் எடை கிடையாது.

டி அண்ட் டி விதிப்படி ஆயுதம், கவசம் விற்றால் பாதி விலை, ரத்தினமும் கலைப்பொருளும் முழு விலை. விளையாட்டு வேகமாகப் போக அது வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் “இது 250 பெறும்” என்று பெட்டியைத் திறந்த நொடியிலேயே டிஎம் சொல்லிவிட்டால், உரைகல் பார்க்கிற அந்த அரை நிமிடம் போய்விடுகிறது. நான் நடத்தும்போது கலைப்பொருளுக்கு விலையே சொல்வதில்லை. பொருளைச் சொல்வேன். எதனால் செய்தது, என்ன கனம், எங்கே நசுங்கியிருக்கிறது, யாருடைய பெயர் பின்பக்கம் பொறித்திருக்கிறது. விலை என்பது வாங்குகிறவர் வாயிலிருந்து மட்டும்தான் வரும். உருக்குகிறவன் எடைக்கு மட்டும் ஒரு தொகை சொல்வான். கோயில் பூசாரி இரண்டு பங்கு தருவார், ஏனென்றால் அது அங்கிருந்து திருடுபோனது. அந்த வம்சத்தின் கடைசிப் பெண் காசே இல்லாமல் வந்து நின்று, கொடுத்துவிடுங்கள் என்பாள். ஒரே பாத்திரம், மூன்று மதிப்பு. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்வார்கள், நீங்கள் டீ குடிக்கலாம்.

காசுகளுக்கும் இதே கதைதான். 1898ல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. யாரோ ஒவ்வொரு காசாக எடுத்து வைத்து வெட்டியிருக்கிறார்கள். ரோமில் அந்த முகத்துக்கு இருந்த மரியாதை இங்கே வந்ததும் போய்விட்டது, தங்கம் மட்டும் தங்கமாகவே நின்றது. இந்த மாதிரி ஒரு சின்ன விவரத்தை உங்கள் காசு மூட்டையில் போட்டுப் பாருங்கள். 2,100 தங்கத்தில் நானூறு காசில் ராஜா முகம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஊர்க் கடைக்காரன் அதைப் பார்த்ததும் கல்லாவை மூடிவிடுகிறான். ஏன்?

இப்போது முக்கியமான விஷயம். நீலப்பகடை, உங்கள் ஆட்கள் அந்த டர்க்கைஸ் பெட்டியை இன்னும் விற்கவில்லை அல்லவா? மூலையில் 250 என்று எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தயவுசெய்து விற்கவிடாதீர்கள். அட்டவணை உங்கள் கையில் கொடுத்ததிலேயே நல்ல பொருள் அதுதான். அடுத்த தடவை யாராவது அதைத் திறக்கும்போது, உள்ளே பட்டுத் துணியில் ஒவ்வொரு விலங்குக்கும் அதன் வடிவத்திலேயே குழி இருக்கிறது என்று சொல்லுங்கள். எட்டுக் குழி, ஏழு விலங்கு. வேறு ஒன்றும் சொல்லாதீர்கள்.


நீலப்பகடை:

எல்லாருக்கும் நன்றி, இதை மூன்று தடவை படித்தேன். ஆமாம், பேக் ஆஃப் ஹோல்டிங் இருக்கிறது, நான்காவது லெவலில் நானேதான் கொடுத்தேன்.

அக்கா, ஒரு சந்தேகம். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி வாங்குகிறவர் மூன்று பேரைக் கொண்டுவந்தால் செஷன் முழுவதும் பேரம் பேசுவதிலேயே போய்விடாதா? ஃபைட்டர் ஆடுகிறவருக்குச் சண்டை இல்லாமல் அரை மணி நேரம் போனாலே கொட்டாவி வந்துவிடும்.


பத்தர்_வீட்டுப்_பெண்:

எல்லாவற்றுக்கும் செய்யக்கூடாது தம்பி, ஒரு புதையலில் ஒரே ஒரு பொருளுக்குத்தான். மீதியை எல்லாம் அட்டவணை விலைக்கே தள்ளிவிடுங்கள், வெள்ளித் தட்டு ஆறு, போய்ச்சேரட்டும். பேரமும் ஒரே தடவைதான்: அவர் ஒரு விலை சொல்வார், இவர்கள் ஒன்று கேட்பார்கள், ஒரு பகடை, முடிந்தது. ஃபைட்டருக்கு அந்தப் பொருளைத் தேடி வருகிற நான்கு முரடர்களைக் கொடுங்கள்.


மூன்றாம்_மாடி:

இந்தக் கேள்விக்கு வரலாற்றுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் தப்பு உங்கள் மேல் இல்லை என்பது புரியும்.

1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் டி அண்ட் டியை வெளியிட்டபோது, தங்கம்தான் அனுபவப் புள்ளி, அதாவது லெவல் ஏறத் தேவையான புள்ளி. புதையலைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் ஒரு தங்கக் காசுக்கு ஒரு புள்ளி. அரக்கனைக் கொன்றால் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சில்லறைதான். அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்துவிட்டுப் பெட்டியைத் தேடினார்கள். எடைக்கும் அப்போது அர்த்தம் இருந்தது, பத்துக் காசு ஒரு பவுண்டு, இன்றைய காசைப்போல ஐந்து மடங்கு கனம். 1981ல் வந்த பதிப்பில் ஒரு ஆள் சுமக்கக்கூடியதே மொத்தம் 1,600 காசு எடை, கவசம் ஆயுதம் எல்லாம் சேர்த்து. வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு காசும் லெவல் ஏற உதவியது, ஒவ்வொரு காசும் ஓட்டத்தைக் குறைத்தது.

அட்வான்ஸ்ட் டி அண்ட் டி என்ற பதிப்பில் லெவல் ஏற குருவிடம் பயிற்சி எடுக்க வேண்டும், வாரத்துக்கு லெவல் பெருக்கல் 1,500 தங்கம். இதில் ஒரு சிக்கலும் இருந்தது: திருடன் 1,251 புள்ளியிலேயே இரண்டாவது லெவலுக்குத் தகுதி பெற்றுவிடுவான், ஆனால் பயிற்சிக்குக் குறைந்தது 1,500 காசு வேண்டும். கையில் காசு இல்லாமல் வாசலில் நிற்பான். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை, அவன் இன்னொரு தடவை கீழே இறங்க அதுவே காரணமாக ஆனது.

1989ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது தங்கத்துக்குப் புள்ளி என்பது விருப்ப விதியாகச் சுருங்கியது, 2000ல் மூன்றாம் பதிப்பில் அதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் பதிப்பில் மாயப் பொருள்களுக்கு விலைப்பட்டியல் இருந்தது, வாங்கலாம் விற்கலாம், அதனால் தங்கத்துக்கு வேறொரு வேலை கிடைத்தது. ஐந்தாம் பதிப்பு 2014ல் மாயப் பொருள் கடையையும் வழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. இரண்டு வேலையும் போனது, ஆனால் புதையல் அட்டவணை மட்டும் பழையபடி பெட்டி பெட்டியாகத் தங்கத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. சவால் எண் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) 17 அல்லது அதற்கு மேல் உள்ள எதிரியின் குவியலில் சராசரியாக 42,000 தங்கமும் 28,000 பிளாட்டினமும் வரும், எடை 1,400 பவுண்டு, மதிப்பு 3,22,000 தங்கம். அதை வைத்து என்ன செய்வது என்று அந்த அட்டவணைப் பக்கம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நான் செய்வது ஆர்னசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் இருந்த வழி. அங்கே தங்கம் கையில் இருந்தால் மட்டும் புள்ளி இல்லை, கேரக்டர் தனக்குப் பிடித்த விஷயத்துக்காகச் செலவழித்தால்தான் புள்ளி. இதை அப்படியே ஐந்தாம் பதிப்பில் வைத்துப் பார்த்தேன், கணக்கு ஆச்சரியமாகப் பொருந்துகிறது. ஏழிலிருந்து எட்டாவது லெவலுக்கு 11,000 புள்ளி. உங்கள் ஆட்கள் ஆளுக்கு 3,500 தங்கம் வைத்திருக்கிறார்கள். முழுவதையும் செலவழித்தால் லெவலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று குறைவு, விளையாட்டு கெடாது, ஆனால் செலவழிக்கக் கை துறுதுறுக்கும். என் நிபந்தனை ஒன்றுதான்: ஆயுதம், கவசம், மருந்து வாங்கினால் புள்ளி கிடையாது. விருந்து வைக்கலாம், அனாதை இல்லத்துக்குக் கூரை போடலாம், செத்துப்போன அண்ணனுக்குக் கல்லறை கட்டலாம், குதிரைப் பந்தயத்தில் தொலைக்கலாம். என் மேசையில் நாள் முழுக்க மௌனமாக இருக்கிற ஒரு தம்பி, தன் பார்பேரியன் தன் கிராமத்துக்குக் கிணறு வெட்டப்போகிறார் என்றான். எத்தனை அடி ஆழம், எத்தனை ஆள், பாறை வந்தால் என்ன செய்வது என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கிணறு இன்னும் எங்கள் வரைபடத்தில் இருக்கிறது.

கடைசியாக இன்னொன்று: புதையல் யாருடையது என்று கேளுங்கள். நம் நாட்டில் 1878ல் வந்த புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் இடத்துக்காரருக்கும் ஒப்பந்தம் இல்லையென்றால் முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு இடத்துக்காரருக்கு. அந்த மடம் யார் நிலத்தில் இருக்கிறது? ஏரி யாருடையது? கால் பங்கு கேட்டு ஒரு மணியக்காரர், ஒரு எழுத்தர், இரண்டு காவலர் வந்து மரியாதையாகக் கதவைத் தட்டட்டும். திருடனை அனுப்பினால் உங்கள் தோழிக்குக் கோபம் வந்தது. மணியக்காரரிடம் அவர் வாதாடுவார், அதில் அவருக்குச் சந்தோஷம் இருக்கும், ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கும்.


கல்மண்டபம்:

மணியக்காரர் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை_விசார்ட் சொன்ன எக்செல் கஷ்டம் உண்மைதான், நான் ஒவ்வொரு நாளும் எடை பார்க்கச் சொல்லவில்லை. பெரிய குவியல் கிடைக்கிற அன்று மட்டும் போதும். பேக் ஆஃப் ஹோல்டிங் இருந்தாலும் தாங்குவது 500 பவுண்டுதான். நூல் நூலாக எடை பார்த்தால் அலுப்பு, 1,400 பவுண்டுக் குவியல் முன்னால் ஒரு பையோடு நிற்பது அலுப்பு இல்லை. அந்தப் பையைக் குத்திக் கிழித்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆஸ்ட்ரல் வெளி என்ற வேற்றுலகில் சிதறிப்போகும் என்ற விதியையும் ஒரு முதியவர் வாயால் சொல்லி வையுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும். தெரிந்தும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் அது அவர்கள் முடிவு.


நீலப்பகடை:

நேற்று ஆடினோம், நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவில்லை. முதலில் பவுன் கணக்கை மட்டும் சொன்னேன். அப்பாவின் பழைய தராசில் 9 கிராமுக்குப் பக்கமாக வருகிற ஒரு வாஷரை எடைபோட்டு எடுத்துப் போயிருந்தேன், “இதுதான் ஒரு தங்கக் காசு, இந்த மாதிரி உங்களிடம் 14,000 இருக்கிறது” என்று மேசையில் வைத்தேன். அது கை மாறிக் கை மாறிப் போனது. ரோக் அதைத் திரும்பக் கொடுக்கவே இல்லை, ஆட்டம் முடியும்வரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு பத்து வருடக் கேள்வியைக் கேட்டேன். ஃபைட்டருக்குப் பதில் வரவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். கிளெரிக் அந்த ஏரி மடத்தையே திரும்ப எழுப்ப வேண்டும் என்றார். மூன்று செஷன் அதற்குள் செத்துப் பிழைத்தவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. எவ்வளவு ஆகும் என்றார். கோயில் என்றால் புத்தகத்தில் 50,000 போட்டிருக்கிறது, இடிபாடுதானே, பாதிச் சுவர் நிற்கிறது என்று 20,000 சொன்னேன். உடனே நான்கு பேரும் கைக்காசை எண்ண ஆரம்பித்தார்கள். கிளெரிக் தன் பங்கு முழுவதையும் வைத்துவிட்டார், விசார்ட் ஆயிரம் போட்டார், ரோக் கடனாகத்தான் தருவேன் என்று வட்டி பேசினார்.

அந்தக் கணக்கில்தான் டர்க்கைஸ் பெட்டி வந்தது. “250 இருக்கு, அதை வித்துப் போட்டுடலாம்” என்று விசார்ட் சொன்னார். சரி, பெட்டியைத் திறந்து காட்டுகிறீர்களா என்றேன். ஆமை, நாரை, காளை, மீன், தவளை, பூனை, நரி என்று வரிசையாகச் சொன்னேன், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம், தவளையின் முதுகு மட்டும் தொட்டுத் தொட்டு வழவழப்பாகியிருக்கிறது என்றேன். எட்டாவது குழி காலி. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மேசை அப்படியே அமைதியானது. விசார்ட்தான் முதலில் கேட்டார், “குழி என்ன வடிவம்?” பேப்பரில் வரைந்து காட்டினேன், ஒல்லியாக, நீளமாக, ஒரு முனை வளைந்து. பாம்பு என்றார் ஃபைட்டர். பாம்புக்குக் கால் எதுக்கு, இதோ இங்கே இரண்டு புடைப்பு இருக்கிறது பார் என்று ரோக் பேப்பரைத் திருப்பினார். தவளையை யார் அவ்வளவு தொட்டது, குழந்தையா என்று கிளெரிக் கேட்டார். மணி எட்டரை ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. பெட்டியை விற்பதில்லை என்று நான்கு பேரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள், 250ஐ அடித்துவிட்டு அதே இடத்தில் “பெட்டி – 7” என்று எழுதியிருக்கிறார்கள்.

மணியக்காரர் அடுத்த ஞாயிறு வருகிறார். மடத்து நிலத்துக்குக் கால் பங்கு கேட்பார், விசார்டுக்காகவே அவரை நன்றாகப் படித்தவராக வைத்திருக்கிறேன். எட்டாவது விலங்கு அவர் கோட்டுப் பையில் இருக்கலாமா, இல்லை ஏரிக்கு அடியிலேயே கிடக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அது என்ன விலங்கு என்பதும் எனக்கு இன்னும் தெரியாது. யாருக்காவது நல்ல யோசனை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். வளைந்த முனை, இரண்டு புடைப்பு.